கோவில் நூலகத்தைப் பொருள்வாரியாக அடுக்குவது: டூயி எண்ணா, ரங்கநாதனின் கோலனா?

ரோஸ்ஹில் வாசகர்:
எல்லோருக்கும் வணக்கம். மொரீசியஸில் ரோஸ் ஹில் பக்கத்தில் ஒரு கோவில் மண்டபத்தில் சுமார் 1,800 புத்தகங்கள் இருக்கின்றன. பாதிக்கு மேல் தமிழ். மீதி பிரெஞ்சு, ஆங்கிலம், கொஞ்சம் கிரியோல். இப்போது ஒவ்வொன்றிலும் "அ 3-17" மாதிரி ஓர் எண் இருக்கிறது. அதாவது அலமாரி அ, மூன்றாம் தட்டு, பதினேழாவது புத்தகம். இன்னும் இரண்டு அலமாரிகள் வரப்போவதால் எல்லாவற்றையும் பொருள்வாரியாக மாற்றலாம் என்கிறது நிர்வாகக் குழு. ஒருவர் டூயியின் தசமப் பகுப்பு முறை என்கிறார். நம் தமிழர், நூலகர் ரங்கநாதன் உருவாக்கிய கோலன் பகுப்பு முறை இருக்கும்போது அமெரிக்க முறை எதற்கு என்கிறார் இன்னொருவர். இரண்டும் எப்படிப் பிறந்தன, எது எங்களுக்கு ஆகும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

மோக்கா நூலகி:
ஐயா, உங்கள் "அ 3-17" எண்ணிலிருந்தே ஆரம்பிக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை பெரிய நூலகங்களிலும் இதே வழக்கம்தான். அந்த எண் தட்டுக்கு உரியது. பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவே புதுப் புத்தகம் நுழைய இடம் கிடையாது. அதனால் புதிதாக வருவதெல்லாம் கடைசித் தட்டுக்குப் போகும். முருக வழிபாடு பற்றி வேறு வேறு காலத்தில் வந்த இரண்டு நூல்கள் வேறு வேறு அலமாரியில் கிடக்கும். அலமாரியை மாற்றினாலோ பதிவேடு, பட்டியல், புத்தகத்தின் முதுகு என மூன்று இடத்திலும் எண்ணை அழித்து எழுத வேண்டும். உங்களுக்கு இப்போது வந்திருக்கும் வேலை அதுதான்.

டூயிக்கு முன்பே தசமம் நூலகத்துக்குள் வந்துவிட்டது என்பது பலருக்குத் தெரியாது. பாஸ்டனில் நதானியேல் ஷர்ட்லெஃப் 1856இல் ஒரு தசம முறையை அச்சிட்டார். பத்து மாடம், மாடத்துக்குப் பத்து வரிசை, வரிசைக்குப் பத்துத் தட்டு. பார்க்க அழகான ஏற்பாடு, ஆனால் எண் அப்போதும் மரத்துக்குத்தான் போனது. மெல்வில் டூயி 1873இல் அம்ஹர்ஸ்ட் கல்லூரியில் 21 வயது மாணவர், நூலக உதவியாளர். பத்துப் பத்தாகப் பிரிக்கும் அந்த வழியைத் தட்டிலிருந்து கழற்றி அறிவுத் துறைகளின்மேல் வைத்தார். 500 என்றால் இயற்கை அறிவியல். அது எந்த அறையில், எந்தத் தட்டில் இருக்கிறது என்பதைப் பற்றி அந்த எண்ணுக்குக் கவலையில்லை. அலமாரியை இடம் மாற்றுங்கள், கட்டடத்தையே மாற்றுங்கள், எண் அப்படியே நிற்கும். 1876இல் இது 44 பக்கச் சிறு நூலாக, ஆசிரியர் பெயர் இல்லாமல், 1,000 பிரதிகள் அச்சானது. அதில் பகுப்பு அட்டவணையைவிட அகரவரிசைச் சுட்டிதான் அதிகப் பக்கம் பிடித்தது. காரணம் உண்டு. இரும்பு என்ற ஒரு பொருள் வேதியியலிலும் வரும், சுரங்கத் தொழிலிலும் வரும், கட்டடக் கலையிலும் வரும். மூன்றுக்கும் எண் வேறு. சிதறிக் கிடப்பதையெல்லாம் ஓரிடத்தில் காட்டிக் கொடுப்பது சுட்டிதான்.

செயின்ட் டெனி தமிழ்:
ரீயூனியனிலிருந்து எழுதுகிறேன். உங்கள் தீவுக்கும் எங்கள் தீவுக்கும் பொதுவான ஒரு முன்கதையைச் சேர்க்கிறேன். பாரிஸ் புத்தக வியாபாரிகளிடம் ஐந்து பிரிவு கொண்ட ஒரு வரிசை வழக்கில் இருந்தது: இறையியல், சட்டம், அறிவியலும் கலைகளும், இலக்கியம், வரலாறு. 1810இல் பிரூனே தன் நூற்பட்டியலில் அதைச் செம்மைப்படுத்தி அச்சிட்டார். பிரான்சின் பழைய நூலகங்களில் அதன் சுவடு நெடுங்காலம் இருந்தது.

ஆங்கிலப் பக்கத்தில் வேர் ஃபிரான்சிஸ் பேகன். 1605இல் அவர் மனித அறிவை நினைவு, கற்பனை, பகுத்தறிவு என்று மூன்றாக்கினார். வரலாறு நினைவுக்கு, கவிதை கற்பனைக்கு, தத்துவம் பகுத்தறிவுக்கு. தாமஸ் ஜெஃபர்சன் தன் சொந்த நூலகத்தை இதை ஒட்டி 44 பகுதிகளாக வைத்திருந்தார். 1815இல் அமெரிக்கக் காங்கிரஸ் அந்த 6,487 புத்தகங்களை 23,950 டாலருக்கு வாங்கியபோது பகுப்பும் கூடவே போனது. செயின்ட் லூயிஸ் நகரத்துப் பள்ளி நூலகத்துக்காக வில்லியம் டோரி ஹாரிஸ் 1870இல் பேகனின் வரிசையைத் தலைகீழாக்கினார்: அறிவியல் முதலில், கலை நடுவில், வரலாறு கடைசியில். டூயி அட்டவணையில் தத்துவம் 100இலும், இலக்கியம் 800இலும், வரலாறு 900இலும் இருப்பதற்கு மூலம் அங்கே இருக்கிறது.

மோக்கா நூலகி:
சரியாகச் சொன்னீர்கள். அதோடு 1885இல் வந்த இரண்டாம் பதிப்பையும் சொல்ல வேண்டும். இனி எண்களின் பொருளை மாற்றிக்கொண்டே இருக்கமாட்டேன் என்று டூயி அதில் உறுதி கொடுத்தார். ஒவ்வொரு பதிப்புக்கும் எண் மாறினால் நூலகங்கள் முதுகுச் சீட்டை உரித்து ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும் அல்லவா? அந்த உறுதிதான் அவர் முறையை உலகம் முழுக்கப் பரப்பியது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் உலகப் பார்வையை உறைய வைத்ததும் அதே உறுதிதான். 220 முதல் 280 வரை விவிலியமும் கிறித்தவமும். மற்ற சமயங்கள் எல்லாம் 290க்குள். நம் சமயம் 294.5. ஒரு கோவில் நூலகத்தில் இது எவ்வளவு நெருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

முக்காற்புள்ளி:
இப்போது ரங்கநாதனுக்கு வருவோம். இவரைச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு மனம் வராது.

1892இல் சீர்காழியில் பிறந்தவர், ஞானசம்பந்தர் பிறந்த அதே சீர்காழி. சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். அதே வருடம் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜுக்குப் படிக்கப் போனார். அங்கே பகுப்பாக்கம் கற்பித்தவர் குரோய்டன் நூலகத்தின் தலைமை நூலகர் பெர்விக் சேயர்ஸ். டூயி அட்டவணையில் ரங்கநாதனுக்கு உறுத்தியது ஒரு விஷயம்: எண்கள் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டவை. பட்டியலில் இல்லாத கூட்டுப் பொருளில் ஒரு புத்தகம் வந்தால், அடுத்த பதிப்பு அதற்கு இடம் கொடுக்கும் வரை பக்கத்துப் பொருளின் எண்ணோடு ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

லண்டன் செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ விளையாட்டுப் பெட்டியை இயக்கிக் காட்டுவதைப் பார்த்தார். துளையிட்ட பட்டைகள், கம்பிகள், சக்கரங்கள், திருகும் மரையும். அதே துண்டுகளைக் கொண்டு வேறு வேறு பொம்மைகள். பகுப்பெண்ணையும் அப்படித் துண்டுகளாக வைத்துக்கொண்டு, புத்தகம் கையில் வந்த பிறகு பூட்டினால் என்ன? 1925இல் ஊர் திரும்பும்போது கப்பல் நூலகத்துப் புத்தகங்களிலேயே சோதித்துப் பார்த்தார். சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் நடைமுறைக்கு வந்து, 1933இல் சென்னை நூலகச் சங்க வெளியீடாக அச்சானது.

அவருடைய புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்றை அக்கக்காகப் பிரித்துக் காட்டுகிறேன். "1950களில் இந்தியாவில் நுரையீரல் காசநோயை எக்ஸ் கதிரால் குணப்படுத்துவது பற்றிய ஆராய்ச்சி." இதற்கு எண்: எல்,45;421:6;253:எஃப்.44'என்5. எல் மருத்துவம். 45 நுரையீரல். 421 காசநோய். 6 சிகிச்சை. 253 எக்ஸ் கதிர். எஃப் ஆராய்ச்சி. 44 இந்தியா. என்5 அந்தப் பத்தாண்டு. காற்புள்ளிக்குப் பின் வருவது ஆளுமை, அரைப்புள்ளிக்குப் பின் பருப்பொருள், முக்காற்புள்ளிக்குப் (ஆங்கிலத்தில் கோலன்) பின் செயல், புள்ளிக்குப் பின் இடம், மேற்குறிக்குப் பின் காலம். எதைப் பற்றி, அதில் எந்தக் கூறு, அதற்கு என்ன நடக்கிறது, எங்கே, எப்போது. இந்த ஐந்து கேள்வியை எந்தப் புத்தகத்திடமும் கேட்கலாம். பதில் வந்தால் எண் தயார். ஒரு பொருள் பிறக்கும் முன்பே அதற்கு இடம் தயாராக இருக்கிறது என்பதுதான் இதன் பலம்.

டர்பன் பட்டியலாளர்:
அண்ணா, ஒரு சிறு திருத்தம் மட்டும். முக்காற்புள்ளியால் இரண்டு பொருளை இணைப்பது ரங்கநாதனுக்கு முன்பே இருந்தது. பிரஸ்ஸல்ஸில் பால் ஓட்லேயும் ஆன்ரி லா ஃபோன்டேனும் 1895இல் டூயியின் அனுமதியோடு அவர் அட்டவணையை எடுத்து விரித்து, 1905இல் பிரெஞ்சில் வெளியிட்டார்கள். அதுதான் இன்றைய உலகப் பொதுத் தசமப் பகுப்பு. கூட்டல் குறி, சாய்கோடு, முக்காற்புள்ளி எல்லாம் அதில் உண்டு. ஆனால் பிரஸ்ஸல்ஸ்காரர்கள் முழு எண்களுக்கு நடுவே குறியைப் போட்டார்கள். ரங்கநாதன் எண்ணையே கூறுகளாக உடைத்தார். அவர் பெருமை அங்கே இருக்கிறது.

வாசகர் ஐயாவின் கேள்விக்கு நேரடிப் பதில்: 1,800 புத்தகத்துக்கு டூயி. கோலனை மதிக்காமல் சொல்லவில்லை. அதன் முழு எண்ணில் ஐந்து வகை நிறுத்தற்குறி வருகிறது. காற்புள்ளி முதலா மேற்குறி முதலா என்ற வரிசை, அடுக்குகிறவர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை வந்து உதவும் பிள்ளைகளிடம் அதைக் கேட்க முடியாது. தவிர, கோலனின் ஏழாம் பதிப்பு 1987இல் வந்தது. டூயிக்கு 23ஆம் பதிப்பு 2011இல் வந்து, இணையத்தில் இன்னும் திருத்தம் நடக்கிறது. ஆங்கிலப் புத்தகங்கள் பலவற்றில் பதிப்புரிமைப் பக்கத்திலேயே டூயி எண் அச்சாகியிருக்கும். தமிழுக்கு மட்டும் நீங்களே கட்ட வேண்டும்.

முக்காற்புள்ளி:
ஓட்லே பற்றிச் சொன்னது சரி, ஏற்றுக்கொள்கிறேன். சிறிய நூலகத்துக்கு டூயி என்பதிலும் எனக்குச் சண்டையில்லை. ஆனால் டூயி எண்ணைக் கட்டும்போது ரங்கநாதனின் கேள்விகளைக் கேட்டுக்கொண்டே கட்டுங்கள். பின்வந்த டூயி பதிப்புகளும் அந்தத் திசையில்தான் நகர்ந்திருக்கின்றன.

ரோஸ்ஹில் வாசகர்:
நன்றி. டூயி என்றே வைத்துக்கொள்வோம். தமிழ்ப் புத்தகங்களுக்கு எண் கட்டுவது எப்படி? மூன்று மொழியும் கலந்து நிற்க வேண்டுமா, தனித்தனியாகவா?

மோக்கா நூலகி:
94811 என்ற ஐந்து இலக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டூயி துணை அட்டவணைகளில் தமிழுக்கு உரிய துண்டு இது. 4 என்ற மொழித் துறையோடு சேர்ந்தால் 494.811, தமிழ் மொழி. 8 என்ற இலக்கியத் துறையோடு சேர்ந்தால் 894.811, தமிழ் இலக்கியம். 305.8 என்ற இனக்குழுவோடு சேர்ந்தால் 305.894811, தமிழர். 220.5 என்ற விவிலியத்தோடு சேர்ந்தால் 220.594811, தமிழ் விவிலியம். ஒரே துண்டு நான்கு இடத்தில் பூட்டுகிறது.

இலக்கியத்தில் அடுத்த இலக்கம் வடிவத்தைச் சொல்லும்: 894.8111 கவிதை, 894.8112 நாடகம், 894.8113 புனைகதை, 894.8114 கட்டுரை. மொழித் துறையில் அதே இலக்கத்துக்குப் பொருள் வேறு: 494.8113 அகராதி, 494.8115 இலக்கணம். இங்கேதான் அடிக்கடி தவறு நடக்கும். முதல் இலக்கம் 4 என்பதைக் கவனிக்காமல் அகராதியை நாவல்களோடு சொருகிவிடுவார்கள். 400 தொகுதிக்கு வேறு நிறத்தில் சீட்டு ஒட்டினால் அந்தத் தொல்லை போய்விடும்.

எண்ணை எங்கே வெட்டுவது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மொரீசியஸ் தமிழரின் சமூக வாழ்க்கை பற்றிய நூல். 305.8 இனக்குழு, 94811 தமிழர், இணைப்புக்கு ஒரு 0, 6982 மொரீசியஸ். மொத்தம் 305.89481106982. ரீயூனியன் என்றால் கடைசி நான்கு 6981. மிகத் துல்லியமான எண், ஆனால் மெல்லிய முதுகில் ஏறாது. 305.894811 என்று நிறுத்தினால் போதும். 305.894 என்று வெட்டினால் பொருள் கெட்டுவிடும், அதற்குத் தமிழரும் துருக்கியரும் ஒரே இடம். வெட்டுவதாக இருந்தால் ஒரு துண்டு முடியும் இடத்தில் வெட்ட வேண்டும். இதே தமிழரின் வரலாற்று நூலுக்கு டூயி தரும் எண் வேறு: 969.8200494811. இரண்டு இடத்தில் பிரிந்து நிற்பது வேண்டாம் என்றால் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அந்த முடிவை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். குறிப்பேடு இல்லாத நூலகத்தில் ஆள் மாறினால் முறையும் மாறிவிடும்.

மொழிகளைப் பற்றி என் கருத்து: பொருள் முன்னே, மொழி பின்னே. எண்ணுக்குக் கீழே த, பி, ஆ, கி என்று ஓர் எழுத்து போதும். முருகன் பற்றிய பிரெஞ்சு நூல், தமிழ் நூலுக்குப் பக்கத்தில் நிற்கட்டும். இங்கே வீட்டில் கிரியோல் பேசி, பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் பயன்.

டர்பன் பட்டியலாளர்:
மொழியில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு, அக்கா. தமிழ் படிக்கிற பெரியவர்களுக்குப் பிரெஞ்சுப் புத்தகங்களுக்கு நடுவே தேடுவது சிரமம். இலக்கியத்தில் சிக்கல் வராது, டூயியில் அது மூலமொழிப்படிதான் நிற்கும். தமிழ் நாவலின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் 894.8113தான். குழந்தை நூல்களை மட்டுமாவது மொழிவாரியாகத் தனியே வையுங்கள்.

294.5 நெருக்கடிக்கு டூயி அட்டவணையிலேயே ஒரு மாற்று வழி இருக்கிறது. தங்களுக்கு முக்கியமான சமயத்தையோ இலக்கியத்தையோ ஓர் எழுத்தைச் செருகி முன்னே கொண்டுவரலாம். தமிழ் இலக்கியத்தை 8த0 என்று 810க்கு முன் வைத்தால் நாவல் 8த3 ஆகிவிடும். இந்து சமயத்தை 2இ0 ஆக்கலாம். முதுகில் எட்டு எழுத்துக்குப் பதில் மூன்று.

மோக்கா நூலகி:
இலக்கியத்துக்கு 8த0 சரி, தமிழ் நாவல்கள் நிறைய இருக்கும். சமயத்துக்கு வேண்டாம் என்பேன். 294.5க்குள் டூயி ஏற்கெனவே நன்றாகப் பிரித்திருக்கிறார்கள்: 294.5211 தெய்வங்கள், 294.535 கோவில்களும் புனிதத் தலங்களும், 294.536 விழாக்கள், 294.5512 வைணவம், 294.5513 சைவம், 294.5514 சாக்தம், 294.592 சமய மூல நூல்கள். தைப்பூசக் காவடி பற்றிய நூலுக்கு 294.536 நேரடியாகப் பொருந்தும். இதையெல்லாம் 2இ0க்குக் கீழ் நாமே மறுபடி எழுதினால் வெளியே உள்ள எந்தப் பட்டியலோடும் ஒத்துப்போகாது.

செயின்ட் டெனி தமிழ்:
தேவாரம் எங்கே போகும்? திருக்குறள்? கம்பராமாயணம்?

முக்காற்புள்ளி:
கம்பராமாயணம் தமிழ்க் காவியம், 894.8111. வால்மீகியின் மூலம் 294.5922. திருக்குறளை அறநூல் என்று 170க்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு, நான் 894.8111இல் வைப்பேன். உரைகளையும் பிரெஞ்சு, ஆங்கில மொழிபெயர்ப்புகளையும் அதே எண்ணில் மூலத்தோடு சேர்த்து வைக்க வேண்டும். ஒரே நூல் மூன்று இடத்தில் பிரிந்து நிற்பதுதான் பெரிய குற்றம். தேவாரம் கோவில் நூலகத்தில் 294.5513. அங்கே அதைத் தேடி வருபவர் ஓதத்தான் வருகிறார். பல்கலைக்கழகத்தில் இலக்கியத்துக்குப் போவதும் நியாயம்தான். யார் தேடுவார்கள் என்று பார்த்து வைப்பதும் ரங்கநாதன் வழிதான்: ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்று 1931இல் அவர் எழுதிய ஐந்து விதிகளில் மூன்றாவது.

டர்பன் பட்டியலாளர்:
ஆசிரியர் குறி, அதாவது பகுப்பெண்ணோடு ஆசிரியர் பெயருக்காகச் சேர்க்கும் குறி, அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாஸ்டன் அதீனியம் நூலகத்தின் சார்லஸ் கட்டர் போட்ட எண் அட்டவணை ரோமன் எழுத்துக்கானது, தமிழ்ப் பெயருக்கு அதை வளைக்க வேண்டாம். ஆசிரியரின் சொந்தப் பெயரில் முதல் மூன்று எழுத்து, முன்னெழுத்தை விட்டுவிட்டு. ஜ, ஷ, ஸ, ஹ நான்கையும் ன வரிசைக்குப் பின்னே வைப்பதா, ச போன்ற இனவெழுத்தோடு சேர்ப்பதா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

அடுக்கும்போது அதிகம் நடக்கும் பிழை, புள்ளிக்குப் பின் வருவதை முழு எண்ணாகப் படிப்பது. 59ஐவிட 5513 பெரியது என்று நினைத்து 294.59ஐ 294.5513க்கு முன்னே வைப்பார்கள். இலக்கம் இலக்கமாக ஒப்பிட வேண்டும்: 5க்கும் 5க்கும் சமம், அடுத்து 5, 9, ஆகவே 5513 முன்னே. கணினியில் எக்ஸெல் போட்டால் அந்தப் பத்தியை எண் வகையில் வைக்காதீர்கள், எழுத்து வகையில் வையுங்கள். இல்லையென்றால் 020 என்பது 20 ஆகும்.

மோக்கா நூலகி:
வேலை வரிசை. முதலில் சேர்க்கைப் பதிவேட்டில் புதுப் பத்தி ஒன்று சேருங்கள். பழைய "அ 3-17" எண்ணை அழிக்காதீர்கள், இரவல் போனவை திரும்பும்போது அடையாளம் அதுதான். பிறகு எண் போடாமல் முதல் இலக்கப்படி பத்துக் குவியலாகப் பிரியுங்கள். 200உம் 800உம் பெரிதாக இருக்கும், அவற்றை மட்டும் மறுபடி பிரியுங்கள். குவியல் முடிந்த பிறகு எண். ஒரே பொருளில் உள்ளவற்றை அடுத்தடுத்துப் பார்த்து எண் கொடுத்தால் முரண்பாடு குறையும். எண்ணைத் தலைப்புப் பக்கத்தின் பின்புறம் பென்சிலால் எழுதிய பிறகே முதுகுச் சீட்டு. நம் ஈரக் காற்றில் சீட்டு உரியும். செல்லோடேப் போட்டால் மஞ்சளாகிப் பசை கசியும். அமிலமில்லாத சீட்டும் அதற்கென்று விற்கும் ஒளிபுகு மூடியும் வாங்குங்கள். அடியிலிருந்து 2.5 செ.மீ. உயரத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே கோட்டில் ஒட்டுங்கள். தட்டை முக்கால் பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். காலி இடம் கடைசியில் மட்டும் இருந்தால் பயனில்லை, ஒவ்வொரு தட்டிலும் இருக்க வேண்டும். சுவரிலிருந்து அலமாரியைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் பூஞ்சை குறையும்.

ரோஸ்ஹில் வாசகர்:
மிக்க நன்றி. ஒன்று பாக்கி. பல கோவில்களின் கும்பாபிஷேக மலர்கள், விழா மலர்கள் இரண்டு பெட்டி நிறைய இருக்கின்றன. முதுகே இல்லாத மெல்லிய இதழ்கள். இவற்றையும் எண் போட்டுத் தட்டில் வைப்பதா?

முக்காற்புள்ளி:
தயவுசெய்து அவற்றைப் புத்தகங்களுக்கு நடுவே சொருகாதீர்கள், கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். மற்றவை எங்கேயாவது கிடைக்கும், அந்த மலர்கள் கிடைக்காது. நிமிர்ந்து நிற்கும் அட்டைப் பெட்டிகளில் வைத்து, பெட்டியின் வெளியே 294.535, அதன் கீழ் ஊர்ப் பெயர், அதன் கீழ் ஆண்டு. இடமும் காலமும் அந்த வரிசையிலேயே வரட்டும். ஒவ்வொரு மலருக்கும் முன்னட்டையின் கீழ் இடது மூலையில் அதே மூன்று வரியைப் பென்சிலால் எழுதுங்கள். துருப்பிடித்த ஊக்கை எடுத்துவிட்டுப் பருத்தி நூலால் தையுங்கள். ஆண்டு அச்சாகாத மலரில் பஞ்சாங்க ஆண்டுப் பெயர் இருக்கும். அது 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்புவதால், உள்ளே இருக்கும் விளம்பரங்களையும் அச்சக முகவரியையும் பார்த்து எந்தச் சுற்று என்று உறுதி செய்த பிறகு எண்ணில் எழுதுங்கள்.